சக்கரவர்த்திக்குத் திருஷ்டி கழித்தவன்

வாயை மூடு என்றால் மூடிக்கொள்வேன். கையைச் சும்மா வைத்திரு என்றால் மட்டும் முடியாது. இந்தக் குறை எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதன் முழு உயரத்தையும் மலாக்காவில்தான் பார்த்தேன்.

இரண்டு மாதம் தங்கலாமென்று அங்கே காஜா பெராங் பகுதியில் இருந்த அக்காள் வீட்டுக்குக் கப்பலேறிப் போனவன் நான். பின்னாலேயே ஜப்பான்காரனும் வந்துவிட்டான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. ஊரில் ஏழு மாதக் கர்ப்பிணியாக விட்டு வந்த மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கும். ஆணா, பெண்ணா? தெரியாது. கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டியது. வயிறு, மரவள்ளிக்கிழங்கு எப்போது வேகுமோ அந்த நேரம். மனம் மட்டும் நாகப்பட்டினத்து நேரம். மாலையில் கடற்கரைக்குப் போய் நிற்பேன். இங்கே மூழ்குகிற சூரியன் இன்னும் ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டுக் கொடியில் ஈரப்புடவை காயவைக்குமே என்று அதன்மேல் பொறாமைப்படுவேன்.

அப்போதுதான் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வந்தது. ஊரே திடலில் கூடிக் கொண்டாட வேண்டும். இந்தியர்கள் சார்பில் அவர் படத்துக்கு மாலை போட, நன்றாகக் குனியத் தெரிந்தவன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். (குனிவதில் எனக்குப் பயிற்சி உண்டு. கல்யாணமானவன்.) விழா ஒழுங்காக நடந்தால் மாலை போட்டவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, ரேடியோவில் ஊருக்கு இரண்டு வரி பேச விடுவார்களாம்.

இரண்டு வரி! ராத்தூக்கமில்லாமல் எழுதி, அடித்து, எழுதினேன்: 'உயிரோடு இருக்கிறேன். பெண்ணென்றால் செண்பகம், பையனென்றால் உன் அப்பா பெயர்.'

"உங்க தெருவுல யாருகிட்ட ரேடியோ இருக்கு?" என்றார் அத்தான்.

"ஊர்ல ஒருத்தர் கேட்டாப் போதும் அத்தான். விடியறதுக்குள்ள அவ காதுக்குப் போயிடும்."

பேச்சின் வாலில் ஒரு மலாய் 'லா' சேர்க்கும் அத்தான் என் சட்டைப் பித்தானைப் பூட்டிவிட்டார். "மாப்ளே, மாலையப் போட்டமா, குனிஞ்சமா, வந்தமான்னு இரு லா. வேற ஒண்ணும் செய்யாதே."

காலையில் திடல் முழுக்கக் காகிதக் கொடிகள். வடகிழக்கே, டோக்கியோ இருக்கும் திசையில், எல்லாரும் குனிந்தோம். என் முதுகு கிழக்கே குனிந்தது. எண்ணம் மேற்கே போயிற்று. மேடையேறிப் படத்துக்கு மாலை போட்டேன். பக்கத்தில் நின்ற ஜப்பான் அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். சிங்கப்பூர் கிடைத்துவிட்டது!

அங்கேயே இறங்கியிருக்கலாம். ஆனால் பிறந்தநாளாயிற்றே. எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் திருஷ்டி கழிக்காமல் விட்டதில்லை. இத்தனை கண் பட்ட மனிதருக்குக் கழிக்காவிட்டால் எப்படி? (அவருக்கு ஏதாவது ஆனால் என் ரேடியோ என்னாவது?) பையில் தேங்காயும் சூடமும் தயாராக வைத்திருந்தேன். படம் எட்டாத உயரம். ஆகவே அவர் இடத்தில் நிற்பவருக்கே கழித்துவிடலாமென்று, தேங்காய்மேல் சூடத்தை ஏற்றி அதிகாரியின் முகத்தைச் சுற்றினேன். ஒருமுறை. இருமுறை. இதுவும் இந்தியர் மரியாதை போலும் என்று பாவம், மனிதர் விறைப்பாகவே நின்றார். மூன்றாவது சுற்று முடிந்ததும் அவர் காலடிப் படியில் ஓங்கி அடித்தேன்.

படீர்!

"குண்டு!" என்று யாரோ அலறினார்கள். திடலே தரையில் விழுந்தது. டோக்கியோவை அன்று யாரும் அவ்வளவு தாழ்ந்து வணங்கியிருக்கவில்லை. அதிகாரி நாற்காலிக்கடியில், துப்பாக்கிகள் என் பக்கம். முன்வரிசையில் மண்ணோடு கிடந்த பக்கத்து வீட்டுச் சிட்டிக்காரர் (மலாக்காவிலேயே தமிழை மறந்துபோன பழைய தமிழ் வம்சம்; நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய்) தலையைத் தூக்கி, "ஹாபிஸ்லா!" என்றார். முடிந்தது கதை என்று அர்த்தம்.

எழுந்து வந்த அதிகாரியின் காலணியில் தேங்காய்த் தண்ணீர். "பாகேரோ!" முட்டாள் என்கிற அந்த ஜப்பானிய வசவோடு அறை ஒன்றும் விழுந்தது. அத்தான் ஓடி வந்து, கும்பிட்டு, தனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் கொட்டினார். கெட்ட கண்ணை விரட்டத்தான் இப்படி என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. கொடி இறக்கும்வரை வெயிலில் நிற்கும்படி உத்தரவு.

வெயில் பெரிதாகத் தெரியவில்லை. எனக்குப் பதில் சிங்கப்பூருக்கு, ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவின் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரை அனுப்பினார்கள். பிரம்மச்சாரி.

"என்ன பேசினீங்க?" என்று திரும்பி வந்தவரைக் கேட்டேன்.

"மாமாவுக்கு வணக்கம், உடம்பு தேவலைன்னேன். ரெண்டாவது வரிக்கு ஒண்ணும் தோணலை. சும்மா நின்னேன்."

சும்மா நின்றாராம்!

சண்டை ஓய்ந்து நான் வீடு சேர்ந்தபோது, மனைவியின் புடவையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

"பேரென்ன?"

"நீங்க வந்து வைக்கட்டும்னு இருந்துட்டேன். பாப்பான்னுதான் கூப்பிடறோம்."

"செண்பகம்" என்று கையை நீட்டினேன். வேறு யாரையோ அழைக்கிறேன் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பதிவிலும் பாப்பா. போன தை மாதம் கல்யாணப் பத்திரிகையிலும் பாப்பா. இதென்ன பெயர் என்று சம்பந்தி வீட்டார் கேட்டதற்கு அவளே சொன்னாள்: "எங்கப்பா ஜப்பான் ராஜாவுக்குத் திருஷ்டி கழிச்சார். அவர் நல்லாத்தான் இருக்கார். எனக்குத்தான் பேர் போச்சு."

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அவள் புருஷன் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் யாருமில்லாத பிற்பகல்களில் எப்போதாவது, செண்பகம், என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். நல்ல பெயர்தான். இன்னும் யாரும் அதைத் தொடவில்லை.