ரசிகனுக்கு ஒரு மூக்கு

"இன்னாம்மா இது, எங்க ரசிகனுக்கு மூக்கே கெடையாதா?"

கபாலி மேசைமேல் குனிந்து கேட்டார். தங்கபுஷ்பம் தூரிகையைக் கீழே வைத்தாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த அந்தக் கார்ட்டூன் படக் கம்பெனியில் வண்ணம் பூசிப் பூசி அவள் கழுத்து இறுகிப்போயிருந்தது.

கபாலியின் மெல்லிசைக் குழுவுக்குப் பெயர் 'மாங்கொல்லை பாய்ஸ்'. ஐந்து பாய்ஸுக்கும் வயது நாற்பதுக்கு மேல். கல்யாண வரவேற்புகளில் பாடிச் சம்பாதித்த ரசிகர்களுக்கு நன்றி சொல்ல, ஒரு பாட்டுக்குப் பொம்மைப்படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் போடுவதற்கு.

"கூட்டத்துக்கு முகம் வரைய நேரமில்லை சார். கை மட்டும் தட்டினாப் போதாதா?"

"பந்தியில சோறு துன்னுக்கினு இருந்தவன்கூட எங்க பாட்டுக்குக் கையத் தொடைச்சிக்கினு தட்டினான்மா! அவனுக்குப் போய் முட்டையாட்டம் மூஞ்சா?"

முதலாளி ஸ்ரீனிவாசராகவன் எட்டிப் பார்த்தார். யார் எதைக் கேட்டாலும் சரி என்பதுதான் அவர் தொழில்.

"மூக்குதானேம்மா. வெச்சுடேன்."

அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் படத்தின் கடைசியில் வரப்போகும் அட்டை. 'வண்ணம்: வெ. தங்கபுஷ்பம், பி.ஏ.' அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அப்பா வெள்ளைச்சாமிக்குத் தி.நகர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. "பொம்மைக்குச் சாயம் பூசுததுக்கா பி.ஏ. படிச்ச?" என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்பார். பதிலைத் திரையில் காட்டுவதாக அவளும் சொல்லிவைத்திருந்தாள்.

மூக்கு வைத்தாள். கண், சுருட்டை முடி எல்லாம் சேர்த்து அம்சமாகவே வரைந்தாள்.

"ரசிகன் எங்களவிட ஷோக்கா கீறான்!" கபாலி அலறினார். "ஜனம் அவனப் பாக்குமா, எங்களப் பாக்குமா?"

"அதானே," என்றார் முதலாளி.

எரிச்சலில் அவள் கை தானாக ஒரு முகத்தை வரைந்தது. ஏறிய நெற்றி, காதில் முடி, மீசை, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, எதையும் ஒத்துக்கொள்ளாத வாய். அப்பா. சிரிப்பு வைக்கப் பார்த்தாள், வரவில்லை. அவர் சிரித்து அவள் பார்த்திருந்தால்தானே? அதனால் படத்திலும் அவர் முறைத்தபடியே கைதட்டினார்.

கபாலி குதித்தார். "இதாம்மா மூஞ்சி! வூட்ல ஆயிரம் கஷ்டத்த வச்சிக்கினு பாட்டு கேக்க வந்தவன் மூஞ்சி. அல்லாருக்கும் இதையே போடு!"

"பொம்பளைங்களுக்கு?"

"மீசைய எடுத்துட்டுப் பொட்டு வை."

குழுவில் பாங்கோஸ் வாசிப்பவர், படத்தில் தன் பக்கம் கூட்டம் குறைவு என்று கோபித்துக்கொண்டார். இன்னும் சில அப்பாக்களைச் சேர்த்தாள். அக்கார்டியன்காரர் தன் பக்கம் பெண்களே இல்லையே என்றார். பொட்டு வைத்த அப்பாக்களைச் சேர்த்தாள். கடைசியில், படத்தில் கச்சேரி நடக்கும் மெரினா மணல் முழுக்க அப்பா நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். படம் நீண்டுவிட்டது. இவ்வளவு நீளத்தைப் போட முடியாது என்று தியேட்டரில் கைவிரித்தார்கள்.

"பாட்டை வெட்டப்படாது, ரசிகாளையும் வெட்டப்படாதுங்கறா," என்றார் முதலாளி. "கடைசி அட்டையை எடுத்துடலாமா?"

"அதுலதான் சார் என் பேர் இருக்கு."

"அடுத்த படத்துல பெரிசாப் போட்டுடுவோம்மா."

அடுத்த படம் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"என் பேரை எடுத்துட்டாங்கப்பா," என்றாள் அன்றைக்குச் சாப்பிடும்போது.

"நெனச்சேன்," என்றார் வெள்ளைச்சாமி. மோரை ஊற்றிக்கொண்டார்.

அவர் முகத்தைப் போட்ட கதையைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் மறுநாளே வேலையை விடவைத்து வீட்டில் உட்கார்த்திவிடுவார். நல்லவேளை, சினிமாக் கொட்டகைக்குப் போகிறவன் உருப்படமாட்டான் என்பது அப்பாவின் கட்சி. அந்த ஒரு தைரியத்தில்தான் அவள் தூங்கினாள்.

படம் வெளியான வாரக் கடைசியில், "ஜனங்க கைதட்டறாளான்னு பாத்துண்டு வாம்மா," என்று முதலாளி அவளை மேட்னிக்கு விரட்டினார். போகும்போது பாட்டு பாதி ஓடியிருந்தது. உள்ளே போய் அத்தனை அப்பாவையும் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கதவருகே டார்ச் லைட்டுடன் நின்ற கரீமுல்லாவிடமே கேட்டாள்.

"இந்தப் பொம்மைப்படத்துக்கு யாராச்சும் கைதட்டுறாங்களாண்ணே?"

"இதுக்கா? முறுக்கு வாங்க இதான் நேரம்னு அல்லாரும் வெளிய வந்துர்றாங்கம்மா. ஒரு பெருசத் தவுர."

"யாரு?"

"கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கினு ஒருத்தரு. ஜவுளிக்கடை ஆளாம், சாப்பாட்டு நேரத்துல டெய்லி டிக்கெட் எடுத்துக்கினு வந்துர்றாரு. ஒரு சிரிப்பு கெடையாது, மொறைச்சிக்கினே கைதட்டுவாரு. பொம்மை முடிஞ்சதும் எய்ந்து நின்னு, 'வண்ணம், வெ. தங்கபுஷ்பம், பி.ஏ.!'ன்னு கொட்டாயே அதிரக் கூவிட்டு, மெயின் படம் பாக்காமலே பூடுவாரு. ஆமா, யாரும்மா அந்தத் தங்கபுஷ்பம், புது ஆக்ட்ரஸா?"