இன்ச் பாயும் ஐந்து லேடீஸ் சைக்கிளும்

காஞ்சிபுரத்தில் இன்ச் பாய் அளக்காமல் விட்டது ராஜகோபுரம் ஒன்றைத்தான். அதுவும் அவ்வளவு நீள ஏணி கிடைக்காததால்.

கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்கும் டெய்லர் அவர். ஆறடி உயரம், கழுத்தில் டேப். டீக்கடையில் வடை வாங்கினால்கூட அளந்துவிட்டுத்தான் கடிப்பார். "போன வாரம் மூணே கால் இருந்துச்சு. இன்னிக்கு மூணுதான் இருக்குது. இன்னாபா, வடைய தண்ணில நனைச்சியா? சுருங்கிப் போச்சே!" என்பார். டீ மாஸ்டர் அவரைக் கண்டாலே பெரிய வடையாகத் தேடுவார்.

நாங்கள் நாலு நண்பர்கள். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை தென்னேரி வரை சைக்கிள். எங்களில் டேவிட்டின் அக்கா ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே ஐந்து பெண் பிள்ளைகள் எட்டாவது முடித்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி. பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்கமே சைக்கிள் கொடுத்துவிடும். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடைதான்.

நாலு பிள்ளைகள் ஒரே தெரு, சேர்ந்து நடந்தாவது போய்விடுவார்கள். வெண்ணிலா என்கிற ஐந்தாவது பிள்ளைதான் சிக்கல். அவள் வீடு வேறு பக்கம், தனி வழி. அம்மா இல்லை, வயதான பாட்டிதான் துணை. அப்பா கேரளாவில் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். டீச்சரிடம் அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "காட்டு வழி. கூடப் போக ஆளில்ல. ஸ்கூல் தொறக்குற திங்கக்கிழம அது தனியா சைக்கிள்ல போச்சுன்னா படிக்கட்டும். இல்லன்னா அன்னிக்கே என்கூட பஸ் ஏறட்டும்."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வீடு வீடாகக் கேட்டு ஐந்து பழைய லேடீஸ் சைக்கிள் சேர்த்தோம், பழுது பார்த்தோம். நாலு நாள் அவற்றையே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவது திட்டம். வழியில் பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பழைய சைக்கிளையும் தருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஐந்தாவது சைக்கிளுக்கு ஆள் தேடியபோது இன்ச் பாய் வந்து நின்றார்.

"சைக்கிள் யாருக்குபா?"

"ஒம்பதாவது படிக்கிற புள்ளைங்களுக்கு பாய்."

"அளவு எடுத்தீங்களா?"

அன்றே டீச்சருக்குப் போன் போட்டார். "உயரம் வேணாம்மா. இடுப்புலர்ந்து குதிகாலு, தோள்லர்ந்து மணிக்கட்டு, ரெண்டும் வேணும்." டீச்சர், "நான் கணக்கு டீச்சர்ங்க, டெய்லர் இல்ல" என்று சொல்லிப் பார்த்தார். பாய் விடவில்லை. ஐந்து பேர் அளவும் நோட்டில் ஏறியது. அந்த அளவுக்கு ஐந்து சீட்டையும் இறக்கினார். மிஞ்சிய பட்டுத் துண்டில் சீட் கவர் தைத்து ஓரத்தில் பைப்பிங் வைத்தார். கடைசியாக ஒவ்வொரு சீட் கம்பியிலும் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். யாராவது சீட்டை உயர்த்தினால் நூல் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"பாய், மலை வரைக்கும் ஏத்தி வச்சிக்கினு, அங்க போய் எறக்கிடலாமே?" என்று கெஞ்சினேன்.

"கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்ட உன் சைசுக்குப் பிரிச்சு, ரெண்டு நாள் போட்டுட்டு, அப்பறம் குடுப்பியா?"

"அப்ப ஓட்டவே கூடாதே பாய்!" என்றான் டேவிட்.

"ஓட்றது ட்ரையல்பா."

பள்ளி திறப்பதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை கிளம்பினோம். முட்டி தாடையில் இடிக்க, ஐந்து ஆண்கள், முன்னால் கூடை வைத்த ஐந்து சைக்கிள்கள். இருப்பதிலேயே சின்னது வெண்ணிலாவுடையது. அதைப் பாய் எடுத்துக்கொண்டார். பாலாற்றுப் பாலத்தில் அவர் மிதித்தபோது பின்னாலிருந்து பார்க்க, வெட்டுக்கிளி ஒன்று ஸ்டூலில் உட்கார்ந்து போவது போலிருந்தது. தூசி கிராமத்தில் ஒரு பையன், "டேய், சர்க்கஸ் வருதுடா!" என்று கத்தினான். பாய் பிரேக் பிடித்து நின்றார். "சர்க்கஸ் இல்ல நைனா, டெலிவரி" என்று விளக்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

முதல் நாள் செய்யாறு. மறுநாள் ஆரணியில், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசலுக்குள் போன நேரம் பார்த்து டேவிட் ஸ்பேனரை எடுத்தான். சீட்டை இரண்டே இரண்டு இன்ச் உயர்த்தினான். பாய் வெளியே வந்தார். குல்லாவை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். நேராக டேவிட்டின் சைக்கிளிடம் போய்க் குனிந்தார்.

"டேவிட்டு, நூல் இன்னா ஆச்சு?"

"எலி கடிச்சிருக்கும் பாய்."

"ஆரணி எலி ஸ்பேனர் வச்சிக்கினு சுத்துதா?"

சீட் மறுபடி இறங்கியது. புதிய முடிச்சும் விழுந்தது. சனிக்கிழமை போளூர் போவதற்குள் என் இரண்டு முட்டியும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. ஒரே ஆறுதல், வழியில் மூன்று பேர் எங்களை நிறுத்தி, தங்கள் வீட்டில் சும்மா நிற்கும் சைக்கிளைத் தருகிறோம் என்று சொன்னது. ஞாயிறு மலையேற்றத்தில் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நாலு நாளில் அன்றைக்குத்தான் எங்கள் முதுகு நிமிர்ந்தது.

மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐந்து பிள்ளைகளும் தலைவாரிப் பூ வைத்து மைதானத்தில் நின்றார்கள். வெண்ணிலாவின் அப்பா ஓரமாகக் கைகட்டி நின்றார். பாய் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சின்ன சைக்கிளை வெண்ணிலாவின் கையில் கொடுத்தார்.

"ஏறி உக்காரும்மா. ஃபிட்டிங் பாத்துடலாம்."

அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே."

பாய் அடுத்த பிள்ளையைப் பார்த்தார். அதுவும் தலையாட்டியது. ஐந்துக்கும் தெரியாது. "சைக்கிளே இல்லாத ஊர்ல எதுலங்க கத்துக்கும்?" என்றார் டீச்சர், நியாயமாக.

நாலு நாள், நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எங்களில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. பாய் நோட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லா அளவும் இருந்தது, இந்தக் கேள்வி மட்டும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாளைக்கு என்கூட வரட்டும்" என்றார் அப்பா. கோபமில்லை. முடிந்துபோன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார். வெண்ணிலா சீட் கவரின் பட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பாய் எழுந்தார். "நாளைக்கு ஒம்பதுக்குத்தான பெல்லு? இன்னும் பத்தொம்போது மணி நேரம் இருக்குதுபா" என்றவர், சின்ன சைக்கிளிடம் குனிந்து, சிவப்பு நூலைத் தன் பல்லாலேயே கடித்து அறுத்தார். "கத்துக்கற புள்ளைக்கு ரெண்டு காலும் தரையில படணும். என் அளவு தப்பு" என்று சொல்லி, சீட்டை இன்னும் இரண்டு இன்ச் இறக்கினார். டேவிட் என் கையை அழுத்திப் பிடித்தான்.

பொழுது சாயும்வரை ஓடினோம். ஆளுக்கொரு கேரியரைப் பிடித்துக்கொண்டு, பேசாத முட்டிகளோடு. மற்ற நாலு பிள்ளைகளும் ஒரு வாரம் பள்ளிக்கு நடந்தே போய், மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வெண்ணிலா நேராக ஓட்டப் பழகிவிட்டாள். நேராக மட்டும். ஏற வராது, திரும்ப வராது, இறங்கவே வராது.

பாய் மண்ணில் படம் போட்டார். ஆறு கிலோமீட்டரில் நாலு வளைவு. கிளம்பும்போது தள்ளிவிட ஒருவன், வளைவுக்கு ஒருவன், பள்ளிக்கூட வாசலில் பிடிக்க ஒருவன்.

"இதுல தனியா எங்க போகுது?" என்றார் அப்பா.

"சைக்கிள் மேல ஒரு ஆளுதானபா இருக்குது?"

அப்பா குனிந்து படத்தின்மேல் விரலை வைத்தார். "மூணாவது வளைவுல யாரு?"

"அங்கதான் ஆள் இல்ல" என்றார் பாய்.

திங்கட்கிழமை காலை நான் தள்ளிவிட்டேன். டேவிட்டின் சைக்கிளில் அவள் பின்னாலேயே போனேன். முதல் வளைவில் டேவிட் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே ஓடித் திருப்பிவிட்டான். இரண்டாவதில் இன்னொரு நண்பன், அப்படியே. மூன்றாவது வளைவில் ஒருவர் தோள் பையைக் கழற்றிப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் வந்ததும் கூடவே ஓடினார், திருப்பினார், "நேராப் பாரு, நேராப் பாரு" என்று கத்திக்கொண்டே கையை எடுத்தார்.

நாலாவது வளைவும் தாண்டியது. பள்ளிக்கூட வாசலில் பாய் இரண்டு கையையும் விரித்து நின்றார். வெண்ணிலா பிரேக் என்ற ஒன்றையே மறந்து நேராக அவர்மேல் மோதினாள். இருவரும் புழுதியில் விழுந்தார்கள். உள்ளே பெல் அடித்தது. அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். "எறங்கறது சாயங்காலம் டீச்சர்கிட்ட கத்துக்கோ!" என்று படுத்தபடியே கத்தினார் பாய்.

கொஞ்ச நேரத்தில் போளூர் பஸ் வந்தது. அதில் வெண்ணிலாவின் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். நாங்களும் ஏறினோம். மலை இறங்குவதற்குள் பாய் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

முன்சீட்டிலிருந்து அவள் அப்பா திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இவரு உங்களுக்கு இன்னா வேணுங்க?"

"அண்ணன்" என்றேன். போளூர் வரும்வரை தோளை அசைக்கவில்லை.