கொடுத்த மேஜையைப் பார்க்கப் போகிறவர்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று வாங்குகிறவனுக்குத்தான் பெரியவர்கள் புத்தி சொல்லி வைத்தார்கள். கொடுத்தவனே வாராவாரம் வந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்படி ஓர் இனம் நம் நடுவே உண்டு. கேட்காமலே கொடுக்கும், கொடுத்த மூன்றாம் நாள் வயிறு எரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல், எப்போதோ தான் கொடுத்த மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "சத்தம் கித்தம் வருதா?" என்று கேட்பவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவரேதான்.

இந்த இனத்தின் தலைமகன் ஒருவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா?" என்று கேட்பது அவர் தொழில். முக்கால்வாசிப் பேர் முன்பு போட்டதுதான் என்பார்கள். "எல்லாத்துலயும் அப்படித்தான் சார்," என்று அவர் ஒரு பெருமூச்சு விடுவார். அதோடு விட்டாரா? சட்டம் மாட்டிய மனிதர் எழுந்து ஓட முடியாது என்ற தைரியத்தில், தான் விற்ற சைக்கிளைப் பற்றி ஆரம்பிப்பார்.

அந்தச் சைக்கிள் அவரிடம் இருந்த காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை செயின் கழன்றது. விற்ற பிறகு அது காற்றாய்ப் பறந்தது. நண்பருக்குக் கொடுத்த கேமராவில் அவர் எடுத்த படம் எதிலும் யாருக்கும் முழுசாகத் தலை இருந்ததில்லை. இப்போது கேட்டால், அப்படியொரு லென்ஸ் இனி உலகத்தில் வராது. மனிதர்களுக்கு நற்குணம் சேர வேண்டுமென்றால் செத்தாக வேண்டும். கண்ணாடிக்காரருடைய சாமான்களுக்கு வாசற்படி தாண்டினாலே போதும்.

ஆனால் இவையெல்லாம் சில்லறை ஏக்கங்கள். மொத்த வியாபாரம் மேஜையில்தான்.

ஏழு இழுப்பறை வைத்த தேக்கு மேஜை. முந்தைய வீட்டில் இருபது வருஷம் கிடந்தது. அந்த வீட்டைக் காலி செய்து மூன்றாவது மாடிக்குக் குடிபோனபோது, படிக்கட்டுத் திருப்பத்தில் மேஜை திரும்ப மறுத்தது. நான்கு பேர் தூக்கினார்கள், சாய்த்தார்கள், கவிழ்த்தார்கள். சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம். சனியன், பிணக்கனம் கனக்கிறது என்று அன்றைக்கு அதைத் திட்டியவர் வேறு யாருமில்லை, அவரேதான். உதவிக்கு வந்திருந்த தங்கை புருஷனைப் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி, "நீங்க கொண்டு போங்க மச்சான். நமக்குள்ள என்ன," என்றார்.

மச்சான் கணக்கு வாத்தியார். வாய் செத்த மனிதர். மேஜையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தங்கை வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறும் போனார். பார்க்கிறவர்கள் அண்ணன் தங்கை பாசம் என்று உருகினார்கள். அவரோ உள்ளே நுழைந்ததும் தங்கை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேஜை முகத்தைப் பார்த்தார். விரலால் தூசி தொட்டுப் பார்த்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார். காபி டம்ளரை மேஜைமேல் வைத்தால் அடியில் காகிதம் செருகினார். மூன்றாவது இழுப்பறையை லேசாகத் தூக்கித்தான் இழுக்க வேண்டும் என்று மச்சானுக்குச் செய்து காட்டினார். மறுவாரமும் காட்டினார். பத்து வாரமும் காட்டினார். மடியில் விடைத்தாள் கட்டோடு மச்சான் பத்து வாரமும் தலையாட்டினார்.

பதினோராவது ஞாயிறு மேஜைமேல் ஒரு விரிப்பு கிடந்தது. பூப்போட்ட புது விரிப்பு. இவர் சும்மா இருப்பாரா? தங்கை அடுப்படிக்குள் போன நேரம் பார்த்து நுனியைத் தூக்கினார்.

பன்னிரண்டு வயது மருமகள், தங்கையின் ஒரே மகள், காம்பஸ் முனையால் தேக்கில் ஒரு படம் செதுக்கியிருந்தாள். தொப்பை வைத்த ஓர் ஆள் குனிந்து மேஜையை முகர்கிறார். மூக்கில் கண்ணாடி. யாரென்று சொல்லத் தேவையில்லாதபடி அத்தனை தத்ரூபம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. விரிப்பை மூடிவிட்டு, நல்ல சாமானின் அருமை எல்லாருக்கும் தெரிந்துவிடாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தட்டோடு வந்த தங்கை அதைக் கேட்டாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"பத்து வாரமா நீ என்னைப் பாக்க வரல. சரி, மேஜையையாவது பாக்க வர்றியேன்னு இருந்தேன். இனி அதுவும் வேணாம், எடுத்துட்டுப் போயிடு அண்ணா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். மறுநாள் காலை அவர் குடியிருப்பின் வாசலில் ஒரு வண்டி நின்றது. மேஜை இறங்கியது. மச்சான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மேல ஏறாதுன்னு தெரியும் மச்சான். அவகிட்டயும் சொன்னேன். குடுத்துட்டு வாங்கன்னுட்டா," என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மேஜை மாடிப்படிக்குக் கீழே நின்றது. கண்ணாடிக்காரர் கடையைத் திறக்கவில்லை; நாற்காலி ஒன்றைப் போட்டு மேஜைக்குக் காவல் இருந்தார். இருந்து என்ன? முதல் மாடிக்காரர் தபால்களை அதன்மேல் வைத்துப் பிரித்தார். இரண்டாம் மாடி அம்மாள் காய்கறிப் பையை வைத்து மூச்சு வாங்கினாள். காவலாளி நேராக வந்து அதில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். ரொம்ப வசதியாப் போச்சு சார், நல்ல மனசு உங்களுக்கு என்றார். எல்லாரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனார்கள். தங்கையிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. தினமும் அண்ணியிடம் போனில் அரை மணி நேரம் பேசுகிறவள், மூன்று நாளாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் மனைவி கீழே இறங்கி வந்தாள். இழுப்பறை ஒன்றைத் திறந்து மூடினாள்.

"மேஜை வந்துருச்சு. தங்கச்சி போயிட்டா. அடுத்து அவளுக்காக ஏங்க வேண்டியதுதானேங்க? அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

இருபத்தைந்து வருஷமாக அந்த அம்மாள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். எதுவும் தைத்ததில்லை. இது தைத்தது. அவருக்குத் திடீரென்று ஒன்று தெரிந்தது: பத்து ஞாயிறு போயும், தங்கை காதோரம் எப்போது நரைத்தது, மச்சான் ஏன் இளைத்திருக்கிறார், எதுவும் தனக்குத் தெரியாது. அந்த மேஜையின் ஏழு பூட்டுத் துவாரமும் தெரியும்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனார். கூடத்தில் மேஜை இருந்த இடத்தில் நான்கு கால் தடம். பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து மருமகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தங்கை வா என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்குக் குடுத்தேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார் அவர். "வாரா வாரம் வந்து கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டிருந்திருக்கேன்மா."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போது, வாயே திறக்காத வாத்தியார் வாயைத் திறந்தார். முழங்காலில் விடைத்தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தவர், கால் தடங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உண்மையைச் சொல்றேன் மச்சான். அந்த மாதிரி மேஜை இனிமே அமையாது. திருப்பிக் குடுத்திருக்கவே கூடாது."

நான்கே நாளில் நோய் தொற்றியிருந்தது. கண்ணாடிக்காரருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தங்கைக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கோபத்தை எங்கே பிடித்து வைப்பது?

மறுவாரமே மேஜை திரும்பிப் போனது. இம்முறை கண்ணாடிக்காரர் கூடவே போய், தங்கை மறுபடி போட்ட விரிப்பை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மருமகளைக் கூப்பிட்டார். அவள் பயந்துகொண்டே வந்தாள். அவர் அவள் படத்தைத் தொழில்காரர் பார்வையில் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"கண்ணாடி மூக்குல கோணலா உக்காந்திருக்கு பாப்பா. காம்பஸ் எடுத்துட்டு வந்து சரி பண்ணு."

அவள் செதுக்கினாள். தேக்குத் தூள் உதிர்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், ஆனால் நின்றார். அன்றைக்குத்தான் அந்த மேஜையை அவர் உண்மையில் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறார். மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தங்கையோடு பேசுகிறார். யாராவது மூன்றாவது இழுப்பறையைத் தூக்காமல் இழுத்தால் கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்கிறார். ஆள் திருந்திவிட்டார் என்கிறீர்களா? போன வாரம் கடைக்கு வந்த ஒருவரின் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: மாடிப்படிக்குக் கீழே ஒரு வாரம் ஒரு மேஜை இருந்தது, அப்போது குடியிருப்பே நின்று பேசிவிட்டுப் போகும், அந்த ஒரு வாரம் இனி வருமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் உங்கள் மனம் மட்டும் எழுந்து யார் வீட்டுக்கோ போய், எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததே, அது யார் வீடு? பரவாயில்லை, என்னிடம் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை அங்கே போகும்போது, உங்களிடம் இருந்தவரை அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டிருந்தீர்கள் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.