மைக்செட் சொன்ன கொரியக் கதை

போடிநாயக்கனூரில் வாயாடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாயை மூடும் வழியே தெரியாதவன் என் அறைத்தோழன் மைக்செட் ஒருவன்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, காணாமல் போன ஆடு என்று தெருத்தெருவாக அறிவிப்பது அவன் பிழைப்பு. வீட்டுக்கு வந்தபின்னும் அது நிற்காது. நான் குளிக்கப் போனால் அதையும் பக்கத்து வீடுகளுக்குத் தெரிவித்துவிடுவான். ஏலக்காய்க் கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு, கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று வருகிற எனக்கு வாய்த்தது இவன்.

போன மழைக்காலத்தில், மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், அம்மாவும் தங்கை செல்வியும் மூட்டை முடிச்சோடு ஜீப்பில் என் அறைக்கு இறங்கி வந்தார்கள். மைக்செட் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். அவன் பேசாமல் செய்து நான் பார்த்த காரியம் அது ஒன்றுதான்.

அம்மாவோ பேசுவதையே விட்டுவிட்டாள். சோற்றைப் பிசைவாள், கையைக் கழுவிவிடுவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். டாக்டர் சத்து ஊசி போட்டார். சொந்தக்காரர்கள் புத்தி சொன்னார்கள். எதுவும் பலிக்கவில்லை. இவளையும் தூக்கிக் கொடுக்கப்போகிறோம் என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை, செல்வி டிவியில் தனக்குப் பிடித்த கொரியத் தொடரைப் போட்டாள். பேச்சு கொரியம், கீழே ஓடுகிற எழுத்து ஆங்கிலம். மைக்செட்டுக்கு இரண்டும் தெரியாது. ஆனாலும் வந்து உட்கார்ந்து, அம்மாவுக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்தான்.

"ஆத்தா, அந்தப் பிள்ள புருசனப் பாத்து, 'வெரசா வாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்'னு சொல்லுது."

திரையில் வானளாவிய அடுக்குமாடி. செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"மாடு எங்க?"

அப்பா போனபிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

"கீழ கட்டியிருக்காக ஆத்தா. லிப்ட்ல ஏத்த விடமாட்டாங்கள்ல."

அதன்பிறகு ஞாயிறுதோறும் காலைக் கஞ்சியிலிருந்து விளக்கு வைக்கும்வரை தொடர்தான். செல்வி எழுத்தைப் படித்து ஒரு கதை பார்த்தாள்; அம்மா மைக்செட்டின் வாயைப் பார்த்து வேறொரு கதை பார்த்தாள். நடுவில் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

ஒரு ஞாயிறு, கதையில் வந்த அந்தப் புருசன் லாரி மோதிச் செத்துப்போனான். அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று ரிமோட்டைத் தேடினேன், அதன்மேல் மைக்செட் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடினார்கள்.

"அசந்து தூங்குறாரு ஆத்தா. நர்சம்மா போத்தி விடுறாக."

அடுத்து, பூக்களுக்கு நடுவே அவன் போட்டோ. மனைவி விழுந்து புரண்டு அழுதாள்.

"துபாய்க்கு வேலைக்குப் போயிட்டாரு. டவர் இல்லாம போன் கிடைக்கலைன்னு அழுவுது."

பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டே போனான். கடைசிப் பகுதியில் அவள் வேறொருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மைக்செட்டுக்கு வியர்த்துவிட்டது.

"வந்துட்டாரு ஆத்தா. அந்த ஊரு வெயில்ல மூஞ்சி கொஞ்சம் மாறிப்போச்சு."

அம்மா அவனையே பார்த்தாள். "அப்பு, எனக்கு எழுத்துதான் தெரியாது. செத்த ஆளப் பாத்தாக்கூடவா தெரியாது?"

மைக்செட் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "அப்பறம் ஏன் ஆத்தா கேட்டுக்கிட்டே இருந்தீக?" என்றான்.

"நீ சொல்றப்ப அந்த மனுசன் எங்கேயோ இருக்கான்ல."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். எழவு வீட்டில்கூட அவள் அழவில்லை. நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்தபின் இரண்டு தட்டில் சோறு போட்டு, ஒன்றை அவன் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றைத் தான் சாப்பிட்டாள்.

அம்மா தேறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். பல நாள் மறுபடியும் அதே சுவர், அதே பிசைந்த சோறு. மைக்செட் கல்யாணமாகி, பக்கத்து ஊரான சிலமலைக்குக் குடிபோய்விட்டான். முடிந்த ஞாயிறுகளில் வந்து எங்கள் காதைக் கிழித்துவிட்டுப் போகிறான். அவன் வராத நாட்களில் செல்வி எழுத்தைப் பிசகில்லாமல் படித்துச் சொல்கிறாள். எங்கள் யாருக்கும் ஒன்றும் புரிவதில்லை.