கொல்லைக்கு வந்த சனி

"சனி! சனி வந்துட்டான்! கண்ணகி, ஓடியா, சனி வந்துட்டான்!"

கொல்லையிலிருந்து சாமிதுரை போட்ட கூச்சல் வாசல்வரைக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் வலது காலை எடுத்து உள்ளே வைத்தவர்கள் பூலாம்பாடி மாப்பிள்ளை வீட்டார்.

முன்னால் வந்தவள் மாப்பிள்ளையின் தாயார் கிருஷ்ணம்மாள். வைத்த காலைத் திரும்ப வெளியே எடுத்துக்கொண்டாள். பின்னால் வந்த அவள் கணவர் அழகேசன் அவள் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை கையிலிருந்த வாழைப்பழச் சீப்போடு அவர்மேல் மோதினான்.

"யாரைச் சொல்றாங்க?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

கண்ணகி வாசலுக்கு ஓடி வந்தாள். தங்கை அம்சவள்ளியைப் பெண் பார்க்க மத்தியானமே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அரியலூர் தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. இருட்டிய பிறகு இனி எங்கே வரப்போகிறார்கள் என்றுதான் அவள் புருஷன் சாமிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போயிருந்தான்.

"நாயைங்க," என்றாள் கண்ணகி. "நாய்க்கு அப்படிப் பேரு வெச்சிருக்காரு."

"நாயி வந்ததுக்கா இம்மாங் கூச்சல்?"

"தொலைஞ்சு போயிருந்துச்சுங்க."

சாமிதுரை உடையார்பாளையம் முந்திரி மண்டி ஒன்றில் கணக்கப்பிள்ளை. எண்பத்தொன்பதாம் வருஷம் தை பிறந்த கையோடு திருச்சிக்குப் போனவன், பழைய சாமான் கடையில் ஒரு டெலஸ்கோப்பைக் கண்டு மயங்கி வாங்கி வந்துவிட்டான். சனிக்கிரகத்தின் வளையத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. வந்த நாளிலிருந்து தென்னங்கீற்றையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டியையும்தான் பார்த்திருந்தான். இன்றைக்குத்தான், தெருமுனையில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்ட சமயத்தில், அம்சவள்ளி குழாயிலிருந்து கண்ணை எடுத்து, "மாமா, என்னமோ வளையமாட்டம் தெரியுது, வந்து பாருங்க," என்று கூப்பிட்டாள். பார்த்தான். நடுவில் இருட்டு, சுற்றிலும் ஒளி. வளையமேதான்.

வந்தவர்கள் கால் கழுவக் கொல்லைக்கு வந்தார்கள். கிருஷ்ணம்மாள் நாயைத் தேடினாள். நாய் இல்லை. முக்காலிமேல் ஆகாயத்தைப் பார்த்து ஒரு பெரிய குழாய் நின்றது.

"இது என்னா தம்பி, பீரங்கியா?"

"டெலஸ்கோப்புங்க. கிரகமெல்லாம் பார்க்கலாம்."

"எந்தக் கிரகம்?"

சாமிதுரை வாயைத் திறந்தான். கிருஷ்ணம்மாளின் முதுகுக்குப் பின்னால் கண்ணகி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஏழரைச் சனி போன மாதம்தான் விலகியது. திருநள்ளாறு போய்த் தலை முழுகிவிட்டு வந்த பிறகே பெண் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். தரகர் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"குருங்க," என்றான் சாமிதுரை.

கிருஷ்ணம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "குரு பார்க்கக் கோடி நன்மைன்னு சொல்லுவாங்க."

"அது குரு நம்மளைப் பார்த்தாத்தானே?" என்றார் அழகேசன். "நாம அவரைப் பார்த்தா?"

"கண்ணாடி வழியாப் பார்க்கிறப்ப ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிற மாதிரிதாங்க."

இவ்வளவு லகுவாகப் பொய் வரும் என்று சாமிதுரைக்கே தெரியாது.

கிருஷ்ணம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பயபக்தியோடு குனிந்தாள். "ஐயோ சாமி! மோதிரம்! மோதிரமாட்டம்ல நிக்கிறாரு! பொண்ணு பார்க்க வந்த எடத்துல குரு பகவானே மோதிரத்தை நீட்டுறாரு பாருங்களேன்!"

அழகேசன் பார்த்தார். மாப்பிள்ளை பார்த்தான். ஆளுக்கு ஆள் குழாயை நகர்த்திச் சரிசெய்து கொடுத்தவள் அம்சவள்ளிதான். வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறதாம்.

"பொண்ணு நல்ல கைராசிக்காரி," என்று கிருஷ்ணம்மாள் தீர்மானம் செய்தாள். "வர்ற மாசியிலயே முடிச்சுடலாம். காலேஜ் இத்தோட போதும். எங்க உரக்கடையில கல்லாவைப் பார்த்துக்க ஆளு வேணும்."

"பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தாங்க இருக்கு," என்றாள் அம்சவள்ளி.

"மூட்டை எண்ணறதுக்குப் பரீட்சை எதுக்கு?" என்று சிரித்தாள் கிருஷ்ணம்மாள்.

கண்ணகியும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு இந்தச் சம்பந்தம் முடிந்தால் சரி.

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கலியம்மாளின் காதில் விஷயம் விழுந்துவிட்டது. கல்யாணமாகாத மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டார் வந்தார்கள். கொல்லையில் வரிசை நின்றது. யாரோ டெலஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தார்கள். கலியம்மாள் தேங்காயை உடைத்துக் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டில் ஏந்தினாள். லென்ஸில் புகை படியுமே என்று சாமிதுரை பதறினான். குருவுக்குக் கற்பூரம் காட்டாதே என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அம்சவள்ளி, ஒன்றும் அறியாத குரலில் கேட்டாள்.

"மாமா, வளையம் இருக்கிறது சனிக்குத்தானே? உங்க புஸ்தகத்துல படம் போட்டிருந்துச்சே?"

கலியம்மாளின் தட்டு அந்தரத்தில் நின்றது.

"குருவுக்கும் இருக்கும்," என்றான் சாமிதுரை. "சின்னதா."

"இல்லீங்க, சனிக்குத்தான் வளையம்," என்றான் மாப்பிள்ளை. வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. "பத்தாவதுல படிச்சிருக்கேன்."

அழகேசன் தொண்டையைக் கனைத்தார். கலியம்மாளின் தட்டைக் காட்டினார். "சாமிதுரை, இந்தக் கற்பூரத்தைத் தொட்டுச் சொல்லுங்க. மேல நிக்கிறது குருவா, சனியா?"

சாமிதுரை கண்ணகியைப் பார்த்தான். அவள் கண்ணால் கெஞ்சினாள். கற்பூரத்தைப் பார்த்தான். மண்டிக் கணக்கில் கூட அவன் பொய் எழுதியதில்லை.

"சனிதாங்க," என்றான்.

"வூட்டுக்குள்ள காலு வைக்கிறப்பவே சனி வந்துட்டான்னு கத்துனாரே!" கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "போன மாசம்தான் எம்புள்ளைய விட்டுப் போனான். இங்க வந்து கண்ணாடி வெச்சுல்ல கூப்பிட்டுக் காட்டியிருக்கீங்க! வாங்க போவலாம், கடைசி பஸ்ஸைப் புடிப்போம்!"

கலியம்மாள் மகளின் கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். எதிர்வீட்டார் கழுவக்கூட நிற்காமல் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாழைப்பழச் சீப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

கண்ணகி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "இனிமே சோறு வேணும்னா அந்தக் குழாயையே கேளுங்க," என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாமிதுரை துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான். அம்சவள்ளி முக்காலியருகே நின்று, டெலஸ்கோப்பின் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சுடு அம்சா. என்னாலதான் எல்லாம் போச்சு."

"அதை விடுங்க மாமா. இப்ப வந்து பாருங்க."

மனசில்லாமல் எழுந்து போய்க் குனிந்தான். வளையத்தைக் காணோம். பளிச்சென்று உருண்டையாக ஒரு சின்ன வட்டம் நின்றது. பக்கத்தில் பொட்டுப் பொட்டாக நாலு புள்ளி, வரிசையாக.

"சனி எங்க போனான்?"

அம்சவள்ளி குழாயின் பக்கத்திலிருந்த, பிம்பத்தைத் தெளிவாக்கவும் கலைக்கவும் செய்கிற சின்னத் திருகை விரலால் தட்டினாள்.

"அது மொதல்லேருந்தே குருதான் மாமா. வளையம் நான் திருகி வெச்சது."