வரம்பு மீறிய மூஞ்சூறு

ஒரு காட்டில் ஒரு சேகோ ஆலை இருந்தது. காட்டுக்குள் ஆலை கட்ட யார் அனுமதி கொடுத்தார்கள் என்று குறுக்கே கேட்காதீர்கள். முதலாளி ஒரு காட்டுப்பன்றி என்று அடுத்த வரியில் சொல்லப்போகிறேன். அதை நம்புகிறவர்கள் இதையும் நம்பிவிட வேண்டியதுதான்.

பன்றியின் பெயர் அத்தியப்பன். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோண்டித் தின்றுவிட்டுச் சேற்றில் புரண்டு நிம்மதியாக இருந்த ஆள். அதை அரைத்து ஜவ்வரிசி ஆக்கினால் என்ன என்று ஒருநாள் தோன்றிவிட்டது. கசப்புக் கிழங்கை அரைத்தால் சயனைடு வாயு கிளம்பும். திறந்த வெளியாக இருந்தால் காற்றோடு போய்விடும். அத்தியப்பனோ, அரைத்து மிஞ்சுகிற திப்பியைக் கொட்ட ஜன்னலே இல்லாத கொட்டகைக்குள் குழி வெட்டியிருந்தார். வெளியே கொட்டினால் மான்கள் ஓசியில் தின்றுவிடுமாம்.

அந்தக் குழியில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும் சந்துகளைக் குடைந்துவிடக் கூரான மூக்கும் சிறிய உடம்பும் வேண்டும். அதனால் நாற்பது மூஞ்சூறுகள் வேலைக்கு வந்தன. அதில் ஒருத்தி பாவாயி. இன்னொருவன் அவள் புருஷன் செங்கோடன்.

செங்கோடனுக்குக் கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை. பத்து மணிக்குத் தலைவலி, பதினொன்றுக்குக் கிறுகிறுப்பு. ஒருநாள் பாவாயியை அவள் தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். அந்தப் பழியை வாயுவின் தலையில் போடுவதா, புருஷன் தலையில் போடுவதா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அவன் சோற்றில் கை வைத்தபடியே சாய்ந்தான். இந்த ஆள் நமக்கு மிஞ்சமாட்டான் என்ற பயம் அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது.

காற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே முயலுக்குப் பின்னால் ஆமை, ஆமைக்குப் பின்னால் நத்தை என்று பெரிய வரிசை. வரிசை நகரவே இல்லை, ஆனால் நத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் முன்னால் போய்விட்டது. ஒரு வழியாகக் கையில் கிடைத்த விண்ணப்பத்தில் முதல் கேள்வி, 'தும்பிக்கையின் நீளம்'.

“எனக்குத் தும்பிக்கை இல்லீங்களே” என்றாள்.

“காலியா விட்டா வாங்க மாட்டாங்க. இருக்கிற மூக்கை அளந்து போடுங்க” என்றது பின்னால் நின்ற தேவாங்கு.

அரை அங்குலம் என்று எழுதிக் கொடுத்தாள். பதினெட்டு நாள் கழித்து ஆய்வாளர் ஆலைக்கு வந்தார். கொக்கு. பெயர் வெள்ளியங்கிரி. கையில் ஒரு மீட்டர். விஷவாயு அதிகமானால் கீச்சுக்கீச்சென்று கத்தும். அது கத்தினால் அவருக்குத் தலைவலி வரும் என்பதால், கத்தாத இடமாகப் பார்த்து நிற்பது அவர் வழக்கம்.

“பத்து லட்சம் பங்கு காத்துல பத்து பங்கு வரைக்கும் இருக்கலாம். அதுதான் வரம்பு” என்றார்.

அந்த வரம்பு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். காற்றுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் யானை பெரியதம்பி ஒருமுறை கொட்டகைக்குள் ஒருநாள் முழுக்க நின்றார். ஒரு கட்டுக் கரும்பைத் தின்றார். வெளியே வந்து, “ஒண்ணும் பண்ணலியே” என்றார். யானைக்கு ஒன்றும் பண்ணாத அளவுதான் அன்றிலிருந்து எறும்பு வரைக்கும் வரம்பு.

“நாத்தம் கொடலைப் புடுங்குதுங்க சார்” என்றாள் பாவாயி.

கொக்கு இரண்டடி பின்னால் நகர்ந்து மூக்கைச் சுளித்தது. “அம்மா, தப்பா நினைக்காதீங்க. நாத்தம் உங்ககிட்ட இருந்துதான் வருது.”

மூஞ்சூறுகளின் உடம்பில் ஒரு வாடை உண்டு என்பது ஊரறிந்த விஷயம். பாவாயிக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. “எங்க வாடை எங்களுக்குத் தெரியாதுங்களா? இது வேற. கசந்த பாதாம் மாதிரி வருதுங்க. நீங்க குழிக்குள்ள எறங்கி, எங்க மூக்கு இருக்கற எடத்துல வெச்சுப் பாருங்க.”

“விதியே அதுதான். தொழிலாளியின் மூக்கு இருக்கும் உயரத்தில்தான் அளக்கணும். மாதிரித் தொழிலாளி யாருன்னா, யானை.” கொக்கு பெருமையாகக் கழுத்தை நீட்டியது. “யானையோட மூக்கு தும்பிக்கை நுனியில இருக்கு. தும்பிக்கை எங்க வேணாலும் போகும். அதனால நான் எங்க வேணாலும் அளக்கலாம்.”

சொல்லிவிட்டு ஆலைக்கு வெளியே போய், புளியமர உச்சியில் உட்கார்ந்து அளந்தது. மீட்டர் இரண்டு என்று காட்டியது. அத்தியப்பன் கொடுத்த அயிரை மீன்களை விழுங்கிவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது.

அடுத்த வாரமே செங்கோடன் குழியில் மயங்கி விழுந்தான். வேலை தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் போட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்தான். பாவாயி தலைதெறிக்க அலுவலகத்துக்கு ஓடினாள்.

வெள்ளியங்கிரி பதறவே இல்லை. காகிதத்தை எடுத்தது. “உங்க திருப்திக்குக் குழிக்குள்ள நாற்பதுன்னே வெச்சுக்குவோம். ஒரு மணி நேரம் நாற்பது. மீதி ஏழு மணி நேரம் மரத்தடியில சுத்தமான காத்து, சைபர். வரம்பு எட்டு மணி நேரச் சராசரிக்குத்தான். எட்டால வகுத்தா அஞ்சு. உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் அஞ்சு பாக்கி இருக்கும்மா!”

வீட்டுக்கு வருகிற வழியில் பாவாயிக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு மணி நேரத்தில் மயங்கினால் வரம்புக்குள் இருக்கலாம் என்று ஆய்வாளரே சொல்லிவிட்டார். அப்படியானால் எல்லோருமே மயங்கினால் என்ன?

மறுநாள் காலை சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் நாற்பது மூஞ்சூறுகளும் தொப்தொப்பென்று சரிந்தன. வேலையில்லாமல் நின்ற அணில்கள் வந்து தூக்கிப்போய் மரத்தடியில் அடுக்கின. சந்துகள் அடைத்துக்கொண்டன, திப்பி பொங்கியது, ஆலை நின்றது. மூன்று நாள் இதே கூத்து.

“என்ன நடிப்பு இது?” என்று குதித்தார் அத்தியப்பன்.

“நடிப்பு இல்லீங்க முதலாளி, பாதுகாப்பு. வேணும்னா ஆய்வாளரைக் கேட்டுக்குங்க” என்றாள் பாவாயி, ஒரு கண்ணை மட்டும் திறந்து.

பழைய காலத்துக் கதையாக இருந்தால் இங்கேயே முடித்திருப்பேன். பன்றி மனம் திருந்திக் கொட்டகைக்கு நாலு ஜன்னல் வைத்தார் என்று சொல்லிவிட்டு நாமெல்லாம் படுக்கப் போயிருக்கலாம். ஆனால் அத்தியப்பன் ஆய்வாளரைக் கேட்கவே கேட்டார். கொக்குக்குப் புல்லரித்துவிட்டது. நாற்பது பேர், நாற்பது பேரும் சராசரி ஐந்து! அண்டை அயல் காடு எதிலும் இல்லாத சாதனை. உடனே விருது அறிவித்தாயிற்று. கொடுக்கப்போவது யானை பெரியதம்பி. அவர் முன்னால் மூஞ்சூறுகள் மயங்கிக் காட்ட வேண்டும், சங்கு ஊதியதும் எழுந்துகொள்ள வேண்டும் என்று நிகழ்ச்சிநிரல் போட்டார்கள்.

விழா நாளில் யானைக்கு வெயில் படக்கூடாதென்று பெரிய பந்தல். அந்தப் பந்தல் துணி கொட்டகையின் ஒரே வாசலையும் சேர்த்து மூடிக்கொண்டது. மூஞ்சூறுகள் குழிக்குள் இறங்கின, நேரம் வந்ததும் மயங்கின. கொக்கு வரவேற்புரை ஆற்றத் தொடங்கியது. வரவேற்புரை எப்போதாவது சீக்கிரம் முடிந்து பார்த்திருக்கிறீர்களா? ஒருவழியாகச் சங்கு ஊதியது. இருமிக்கொண்டும் தள்ளாடிக்கொண்டும் முப்பத்தொன்பது மூஞ்சூறுகள் எழுந்தன.

“எந்திரிங்க, சங்கு ஊதியாச்சு” என்று பாவாயி புருஷனை உலுக்கினாள்.

செங்கோடன் எழவில்லை. தூக்கத்தில்கூடத் துடித்துக்கொண்டே இருக்கும் அவன் மூக்கு அசையாமல் இருந்தது. பாவாயிக்கு உலகமே இருண்டுவிட்டது. இந்த யோசனையைச் சொன்ன வாயை அவள் அப்போதே தைத்துக்கொண்டிருப்பாள்.

“மாமா! ஐயோ, மூச்சு இல்லீங்களே!”

யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது. வெள்ளியங்கிரி மட்டும் காகிதத்தை எடுத்தது. “ஒரு மணி நேரம்தான் மூச்சு விட்டிருக்கார். மீதி நேரம் விடப்போறதே இல்ல. இன்னிக்கு அஞ்சு. நாளைக்குச் சைபர், நாளன்னிக்குச் சைபர்...” அதன் குரல் தழுதழுத்தது. “ஐயா, இப்படி ஒரு சராசரியை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல!”

அவனே மாதிரித் தொழிலாளி என்று அந்த இடத்திலேயே முடிவானது. யானையின் கையால் பொன்னாடை போர்த்தினார்கள். அது தலை முதல் வால் வரை அவனை மூடிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பாவாயி கைதட்டவில்லை. பொன்னாடையை உதறி எறிந்துவிட்டு அவன் வாலைப் பல்லால் கவ்வினாள். மூஞ்சூறுகள் குட்டியிலிருந்தே ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு ரயில் மாதிரி போகிறவை. அவள் வாலை ஒருத்தி கவ்வினாள், அவள் வாலை இன்னொருவன். முப்பத்தொன்பதும் சேர்ந்து ஒரே இழுப்பு. பந்தல் துணி கிழிந்தது, யானையின் நாற்காலி சாய்ந்தது, செங்கோடன் புளியமரத்தடிக் காற்றில் போய் விழுந்தான். பாவாயி அவன் நெஞ்சில் ஏறி மிதித்தாள், குத்தினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

அவன் தும்மினான்.

கண்ணைத் திறந்து, “பாவாயி, எதுக்குடி மெதிக்கற?” என்றான். பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

வெள்ளியங்கிரி எழுதியதை அவசரமாக அடித்தது. முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. விழா நாளும் அதுவுமாக, வாரியத் தலைவர் கண்ணெதிரே, அறிவித்த சாதனையை ஒரு தும்மலில் கெடுத்துவிட்டானே! பொன்னாடையை மடித்து வாங்கிக்கொண்டு ஒரு மெமோவை நீட்டியது. 'விருது வழங்கிய பின்னர், முன் அனுமதி பெறாமல், மீண்டும் மூச்சு விட்டது ஏன்? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

பாவாயி மெமோவைக் கடித்துத் துப்பினாள். “விளக்கந்தானுங்களே? அவரு சாவலைங்க. அவ்வளவுதான்.” வாலை வாயில் கவ்விக்கொண்டு நாற்பது மூஞ்சூறுகளும் வரிசையாகக் காட்டைவிட்டே போய்விட்டன.

மறுநாள் குழியில் இறங்க எலிக்கூட்டம் ஒன்று வரிசையில் நின்றது. அவை படித்துத் தெரிந்துகொள்வதற்காக ஆலை வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள்: 'இங்கு இதுவரை வரம்பு மீறியவர்: ஒருவர். பெயர்: செங்கோடன். குற்றம்: பிழைத்துக்கொண்டது.'

நீதி: விஷவாயு எப்போதும் வரம்புக்குள்தான் இருக்கும், வரம்பு மீறுகிறவர்கள் உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே.