ரூல்ஸ் எழுதிய சூனியக்காரி

தடாவிலிருந்து பலமனேர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், இட்லி சாப்பிடுவதற்குச் சட்டம் எழுதி வைத்திருக்கும் இன்னொரு மனிதன் கிடைக்கமாட்டான். முதல் இட்லிக்குச் சட்னி மட்டும், சாம்பார் இரண்டாவதிலிருந்து. திருப்பதியில் எங்கள் ஹாஸ்டலில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரூல்ஸ், அவ்வளவுதான். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. குளிக்கலாமா வேண்டாமா என்பதைப் பகடை உருட்டித்தான் முடிவு செய்வான். ஒரு வாரம் தொடர்ந்து 'வேண்டாம்' விழுந்தபோது பகடையை ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று.

ஞாயிறு மதியங்களில் எங்களை விளையாட வைப்பான். காகிதம், பென்சில், இருபது முகப் பகடை. அவன் கதை சொல்ல, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் திரிய வேண்டும். வீரன், திருடன், மந்திரவாதி என்று பாத்திர வகைகள் உண்டு, 'கிளாஸ்' என்பார்கள். ஒவ்வொன்றின் பலம், பலவீனத்துக்கும் பக்கம் பக்கமாக விதிகள். அது போதாதென்று ரூல்ஸ் தானே ஒரு கிளாஸ் உருவாக்கினான். சூனியக்காரி.

பலமனேர்க்காரன் முனிரத்தினம் ஆசையாக அதை வாங்கிக்கொண்டான். அரைமணி நேரத்தில் அவனுடைய சூனியக்காரி செத்துப்போனாள்.

"ஊர்ல ஒரு மாடு செத்துச்சி. பகடை போடு," என்றான் ரூல்ஸ். ஏழு விழுந்தது. "உன் வூட்டு வாசல்ல ஜனம் கூடிக்கினு கீது."

"மந்திரம் போட்டு எரிச்சிடறேன்."

"உனுக்கு மந்திரம் தெரியாது."

"ஏமிரா இது? சூனியக்காரின்னு சொன்ன?"

"நான் சொல்லல. ஊரு சொல்லுது."

அடுத்த ஞாயிறு நான் ஆடினேன். யாரோ ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, நான் காலி. மூன்றாவது வாரம் முனிரத்தினம் தாளைக் கட்டிலில் எறிந்தான். "ஜெயிக்க வழியே இல்லாம எதுக்குடா ஒரு கிளாசு? யார பாத்து எழுதின இத?"

ரூல்ஸ் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். "எங்க அத்தய."

கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு கிராமம். அவன் ஆறாவது படிக்கும்போது தெருவில் ஒரு குழந்தை இறந்தது. தனியாக வாழ்ந்த அத்தைதான் செய்வினை வைத்தாள் என்று பேச்சு கிளம்பியது.

"முன்பல்லு நாலையும் கொறடால புடுங்கிட்டாங்க. பல்லு இல்லன்னா மந்திரம் பலிக்காதாம். நைனா என் கைய புடிச்சிக்கினு வூட்டுக்குள்ளயே நின்னாரு. நானும் நின்னேன்."

பென்சில் முனை உடைந்தது. மறுபடி சீவ ஆரம்பித்தான். அன்று நாங்கள் ஆடவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது அத்தையிடமிருந்து போன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலிப்பாம். மறுபடியும் ஆட்கள் கூடுகிறார்களாம். ரூல்ஸ் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். நானும் முனிரத்தினமும் பின்னாலேயே ஓடினோம். பஸ்ஸில் இருந்தபடியே முனிரத்தினம் போலீசுக்குப் பேசினான். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். புத்தூரில் பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் இன்னும் வந்திருக்கவில்லை. வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் கேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். ரூல்ஸ் கூட்டத்தை விலக்கிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, எப்போதும் கூடவே வைத்திருக்கும் ஆட்ட நோட்டைத் திறந்தான்.

"பேரு சொல்லுங்க," என்றான் கேன்காரனிடம்.

"எதுக்கு?"

"எழுதணும். அந்தப் பொண்ணுக்கு இன்னா சீக்கு, எந்த ஆஸ்பத்திரில காட்னீங்க, எங்க அத்த இன்னா பண்ணத நீங்க கண்ணால பாத்தீங்க. ஒவ்வொருத்தரா வாங்க. வரிசையா."

"நீ யாரு, எஸ்.ஐ.யா?"

"இல்ல. தரப் பரிசோதன."

அது என்ன பதவி என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததாலேயே பயந்தார்கள் என்று நினைக்கிறேன். பெயர் கொடுக்க ஒருவரும் வரவில்லை. பின்வரிசை முதலில் கரைந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவே இல்லை என்று தெரிந்ததும், முனிரத்தினம் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். கேன்காரன் மட்டும் கடைசிவரை நின்றான். போகும்போது ரூல்ஸின் நெஞ்சில் ஓர் உதை விட்டுப் போனான். போலீஸ் வந்தபோது தெரு காலியாக இருந்தது. நோட்டில் அவன் திறந்த பக்கமும் காலியாக இருந்தது.

அத்தை எங்களோடு திருப்பதிக்கு வந்துவிட்டார். ஹாஸ்டலுக்கு அருகில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தோம். ஊர் வீட்டுக்கு அவர் பிறகு போகவேயில்லை. ஒரு ஞாயிறு, அங்கே நாங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இது என்ன என்று கேட்டார். ரூல்ஸ் மென்று விழுங்கி, சூனியக்காரியின் விதிகளைச் சொல்லி முடித்தான். முன்பல் இல்லாத வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவளுக்கு பக்கத்து வூட்ல யாரும் இல்லியாடா?"

ரூல்ஸ் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

அடுத்த வாரம் விதி மாறியிருந்தது. சூனியக்காரியைத் தனியாக ஆட முடியாது. இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரராக வேண்டும். கூட்டம் கூடினால் அவர் வெளியே வரலாம், வராமலும் இருக்கலாம். அதை முடிவு செய்யப் பகடை கிடையாது.

இப்போது கதை சொல்வது முனிரத்தினம். சூனியக்காரியை ரூல்ஸே ஆடுகிறான். பக்கத்து வீட்டில் நான் குடியிருக்கிறேன். வேறு பாத்திரம் கேட்டதில்லை.